வேளச்சேரி சாலையில் ஒரு கடல்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் செம்பாக்கம், கௌரிவாக்கம், மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணைக்குள் நுழைந்ததும் ஒரு நீண்ட மதிலைக் கடக்கிறார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர் என்.ஐ.ஓ.டி. சாலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, உப்புக்காற்றும் வீசாது. "கடலே இல்லாத இடத்துல கடல் ஆராய்ச்சி எப்படிங்க பண்றாங்க?" என்று எங்கள் பக்கத்தில் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1990களில் அதற்குச் சொல்லியிருக்கக்கூடிய பதில் வேறு, இன்றைய பதில் வேறு.

1993 நவம்பரில் நிறுவனம் பிறந்தபோது பள்ளிக்கரணையில் அதற்கு இடமில்லை. கிண்டியில் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள், கடல் பொறியியல் துறையின் நிழலில் அது தொடங்கியது. அத்துறையின் பேராசிரியர் எம். ரவீந்திரன்தான் முதல் இயக்குநர். கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடலியல் நிறுவனம் 1966 முதலே இயங்கிவந்தது. கடலின் இயல்பை ஆராய்வது அவர்கள் வேலை. கடலுக்குள் இறங்கி வேலை செய்யும் கருவிகளை உருவாக்க நாட்டில் தனி அமைப்பு எதுவும் இல்லை. அந்த இடத்தை நிரப்பவே இந்த நிறுவனம்.

அதற்கு அவசரமும் இருந்தது. மத்திய இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தில், 5,000 மீட்டருக்கும் கீழே, உருளைக்கிழங்கு அளவில் கருத்த கட்டிகள் பரவிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் கலந்தவை. 1987இல் ஐ.நா. ஏற்பாட்டின்படி இந்தியா முன்னோடி முதலீட்டாளராகப் பதிவு பெற்று, அங்கே 1,50,000 சதுர கி.மீ. பரப்பை ஆராயும் உரிமையைப் பெற்றது. பிறகு அதில் பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 2,000 கி.மீ. போக வேண்டும். உரிமைப் பத்திரம் கையில் இருந்தது. இறங்கிப் பார்க்க ஒரு கருவிகூட நம்மிடம் இல்லை.

ஆகவே அன்றைய என்.ஐ.ஓ.டி. பல நாடுகளின் கையைப் பிடித்து நடந்தது. கடல்நிலையை அளக்கும் மிதவைகள் நார்வே ஒத்துழைப்போடு வந்தன. அடித்தளத்தில் ஊர்ந்து செல்லும் எந்திரத்துக்கு ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகம் துணை நின்றது. கடல் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஜப்பானின் சாகா பல்கலைக்கழகம். ஆழ்கடலில் கேபிளின் நுனியில் இயங்கும் ஆளில்லாக் கலத்துக்கு ரஷ்யர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுக் கற்பதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. கற்ற பின் என்ன செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. அதைச் சொல்லத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்.

வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் ஏறத்தாழ 28 டிகிரி சூட்டில் இருக்கும். ஆயிரம் மீட்டர் கீழே அது 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த வேறுபாட்டை வைத்து, எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தைக் கொதிக்கவும் குளிரவும் செய்து டர்பைனைச் சுழற்றலாம். கணக்கு எளிது, குழாய்தான் கடினம். பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் குளோது 1930இல் கியூபாவின் மடான்சாஸ் விரிகுடாவில் இதைச் செய்துபார்த்தபோது, முதலில் போட்ட குழாய்கள் கடலுக்குள் போய்விட்டன. அதன் பிறகே ஒன்று நின்று 22 கிலோவாட் மின்சாரம் தந்தது. எழுபது ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் என்.ஐ.ஓ.டி. எடுத்துக்கொண்ட இலக்கு 1 மெகாவாட். சாகர் சக்தி என்ற மிதவைக் கலம் கட்டப்பட்டது. அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகக் கடலுக்குள் நிறுத்த வேண்டும். 2000களின் தொடக்கத்தில் இருமுறை முயன்றார்கள். இருமுறையும் குழாய் கைவிட்டுப் போனது.

அரசுப் பணத்தில் நடக்கும் வேலை இப்படி முடிந்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கோப்பு மூடப்படும், ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள், பத்தாண்டு கழித்து இன்னொருவர் அதே தவறை முதலிலிருந்து செய்வார். இங்கே அப்படி நடக்கவில்லை. இந்த நிறுவனத்தை நான் மதிப்பதற்கு முதற் காரணம் அதுதான். நீண்ட குழாயை இழுத்துச் செல்வது, மிதக்கவிடுவது, மூழ்கடிப்பது, அலை எந்தப் பக்கம் எவ்வளவு வளைக்கும் என்று கணிப்பது ஆகிய பாடங்களெல்லாம் அந்தத் தோல்வியில் கிடைத்திருந்தன. மின்சாரத்தை ஒத்திவைத்துவிட்டு, அதே குளிர்நீரைக் குடிநீருக்குத் திருப்பினார்கள்.

லட்சத்தீவின் தலைநகரான கவரத்தி பவளத்தின் மேல் அமர்ந்த சிறு தீவு. ஏறத்தாழ 11,000 பேர். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மண்ணுக்குள் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் தங்கும், கிணற்றில் கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆனால் தீவின் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளினாலே கடல் சரேலென்று இறங்குகிறது. 350 மீட்டர் ஆழத்தில் 12, 13 டிகிரிக் குளிர்நீர் கிடைக்கிறது. மேல்நீரைக் காற்றழுத்தம் மிகக் குறைந்த ஓர் அறைக்குள் விட்டால், 28 டிகிரியிலேயே அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்நீர் ஓடும் குழாய்களின் மேல் படியவிட்டால் நன்னீர். சவ்வு வடிகட்டி வேண்டாம், ரசாயனம் வேண்டாம், கொதிக்கவைக்க எரிபொருளும் வேண்டாம். தாழ்வெப்ப உப்பகற்றல் என்று இதைச் சொல்கிறார்கள். 2005 மே மாதத்தில் கவரத்தி ஆலை நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் என்ற திறனோடு ஓடத் தொடங்கியது. 2011இல் மினிக்காய், அகத்தி. அதன் பிறகு கல்பேனி முதல் மற்றத் தீவுகளுக்கும் நீண்ட ஆலைகள் 1.5 லட்சம் லிட்டர் திறனுள்ளவை. இந்தப் பிரிவைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் பூர்ணிமா ஜாலிஹால் என்ற பெண் பொறியாளர். கடல் வேலை என்றாலே ஆண் வேலை என்ற நினைப்பு வலுவாக இருந்த காலத்தில் அலையிலும் குழாயிலும் நின்று அவர் இதைச் செய்தார்.

சென்னைக்கு ஏன் இந்த முறை வரவில்லை? எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஒவ்வொருவரும் கேட்கக்கூடிய கேள்வி. விடை கடலடியின் சரிவில் இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கு முன்னால் கடலடி அந்தத் தீவுகளைப் போலச் சரேலென்று இறங்குவதில்லை. குளிர்நீர் வேண்டுமென்றால் பத்துக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போயாக வேண்டும். 2007 ஏப்ரலில் அதையும் செய்து காட்டினார்கள். சென்னைக்கு ஏறத்தாழ 40 கி.மீ. அப்பால், நாளுக்கு 10 லட்சம் லிட்டர் திறனுள்ள மிதக்கும் ஆலை. அதற்கு உதவியது மின்சாரத்துக்காகக் கட்டி, குழாயை இழந்து நின்ற அதே சாகர் சக்தி. நிரந்தரமாக அங்கே நிறுத்துவது செலவு அதிகம் என்பதால் அது சோதனையாகவே நின்றது. நகரம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சவ்வு முறைக்குப் போனது. நிறுவனமோ 2009இல் வடசென்னை அனல்மின் நிலையத்தில், வீணாகக் கடலில் விடப்படும் வெந்நீரை வைத்து இதே முறையைச் செய்துபார்த்தது. குளிர்நீர் தொலைவில் இருந்தால், சூடான நீர் இருக்கும் இடத்தைத் தேடு என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

தீவு ஆலைகளுக்கும் ஒரு குறை உண்டு. பம்புகளை ஓட்ட டீசல் மின்சாரம் வேண்டும். அதனால் இப்போது கவரத்தியில் கடல் வெப்பத்திலிருந்தே 65 கிலோவாட் மின்சாரம் எடுத்து உப்பகற்றும் ஆலையை ஓட்டும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் கைவிட்டுப்போன கனவு சிறிய அளவில், வேறு கடலில், திரும்ப வருகிறது. ஒரு மெகாவாட் என்று தொடங்கியவர்கள் 65 கிலோவாட்டுக்கு இறங்கியதை நான் பின்னடைவாக நினைக்கவில்லை. ஒரு தீவின் தேவைக்கு எவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

மிதவைகளின் கதை வேறு வகை. 1997 வாக்கில் முதல் மிதவைகள் நங்கூரமிடப்பட்டபோது அவற்றைக் கடலில் இறக்குவதே பெரிய காரியம். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நங்கூரம், மேலே கயிறு, உச்சியில் மஞ்சள் நிறத் தட்டு, அதன் மேல் காற்று, அழுத்தம், வெப்பம், அலை என அளக்கும் கருவிகள். தகவல் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வரும். புயல் வங்கக்கடலின் நடுவில் என்ன செய்கிறது என்பதை அதற்கு முன் அந்த வழியாகப் போகும் கப்பல்கள் சொன்னால்தான் உண்டு. புயல் இருக்கும் இடத்துக்கு எந்தக் கப்பல் போகும்? இன்று அந்த இடத்தில் நின்று தகவல் அனுப்புவது மிதவை. பிற்கால மிதவைகள் 500 மீட்டர் ஆழம் வரை கடலின் வெப்பத்தையும் உப்பையும் படிக்கின்றன. புயல் வலுப்பெறுவதற்கான சக்தி மேல்நீரில் மட்டும் இல்லை, அதற்குக் கீழுள்ள சூடான அடுக்கிலும் இருக்கிறது என்பதால் இது முக்கியம்.

2004 டிசம்பர் 26 காலையில் இந்தியப் பெருங்கடலில் சுனாமியை உணரும் கருவி ஒன்றுகூட இருக்கவில்லை. சுமத்ராவில் நிலம் நடுங்கிய பின் நம் கரைக்கு அலை வர இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் யாருக்கும் சொல்ல வழியில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்.ஐ.ஓ.டி.யின் வேலையே வேகம் மாறியது. கடலடியில் வைக்கும் அழுத்தமானி தனக்கு மேலுள்ள நீர் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கண்டுபிடிக்கும், ஒலியால் மேலே மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்கு. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியபோது, அதன் கண்களாகக் கடலில் நின்றவற்றில் பள்ளிக்கரணைக்காரர்களின் மிதவைகளும் இருந்தன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தது பலருக்கும் நினைவிருக்கும். அன்று எச்சரிக்கை போனது. கடலில் நீர்மட்டம் சிறிதளவே உயர்ந்தது என்று தெரிந்ததும் சில மணிநேரத்தில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று பயந்தவர்கள் மாலையில் வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்தார்கள். இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஏழே ஆண்டுகள்.

மிதவைக்குப் பெரும் ஆபத்து புயலால் அல்ல, மனிதரால் வந்தது. கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். வந்த படகு மிதவையில் கயிறு கட்டும். தட்டு சாயும், கம்பம் வளையும், சூரியத் தகடு கழன்று போகும். தொடக்க காலத்தில் இதைத் திருட்டு, சேதம் என்ற கோணத்தில் மட்டுமே பார்த்தார்கள். பிறகு மீனவ கிராமங்களுக்குப் போய் உட்கார்ந்து பேசும் பழக்கம் வந்தது. அந்தந்த மாநிலத்து மொழியில் துண்டறிக்கை, படம், கூட்டம். இந்தத் தட்டு உங்களுக்குத்தான் புயல் செய்தி சொல்கிறது என்று சொல்லிப் புரியவைக்கும் வேலை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களைக் கொண்டுபோன பிறகு அந்தப் பேச்சுக்குப் பொருள் இன்னும் கூடியது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிப் பிடிப்பவர்களுக்குக் கரையில் வெளியிடும் செய்தி எட்டவில்லை என்பதுதான் அன்றைய துயரம். மிதவையிலிருந்து கரைக்குத் தகவல் கொண்டுவரக் கற்றுவிட்டோம். கரையிலிருந்து படகுக்குக் கொண்டுபோவது அதைவிடப் பின்தங்கியிருந்தது. கருவி செய்பவர்களுக்கு மீனவரோடு பேசுவதும் வேலையின் பகுதி என்று ஆனதை இந்த நிறுவனத்தின் வாழ்க்கையில் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

கப்பல்கள் வந்த பிறகு வேலையின் முகமே மாறியது. கரையோரத்துக்குச் சிறு கலங்கள் முன்பே இருந்தன. இத்தாலியில் கட்டப்பட்ட 104 மீட்டர் நீளச் சாகர் நிதி 2007 முடிவில் கைக்கு வந்ததும் தொலைக்கடல் எட்டும் தூரமானது. பனிக்கடலிலும் செல்லக்கூடிய கப்பல் அது. ஒரே பயணத்தில் 45 நாள் வரை கடலில் நிற்கும். பிறகு கொல்கத்தாவில் கட்டிய சாகர் தாரா, சாகர் அன்வேஷிகா. "குரூஸ்" என்ற சொல் ஊழியர் வீடுகளில் சாதாரணச் சொல். மற்றவர்களுக்கு அது உல்லாசப் பயணம். இவர்களுக்கு அப்பா ஒரு மாதம் வீட்டில் இல்லை, அம்மா பரீட்சை நேரத்தில் கடலில் இருக்கிறாள் என்று பொருள். முன்பெல்லாம் கப்பலிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசியில் சில நிமிடம் பேசக் காத்திருக்க வேண்டும். இன்று கப்பலில் இணையம் உண்டு. இரவு பகல் பிரித்து ஷிப்டு, வாந்தி எடுத்தபடியே கேபிள் சரிபார்ப்பது, அலை தணிய மூன்று நாள் சும்மா காத்திருப்பது ஆகியவை மட்டும் அப்படியே.

பள்ளிக்கரணை வளாகத்துக்குள்ளேயே இன்று கடலைக் கொண்டுவந்துவிட்டார்கள். 16 மீட்டர் நீளமும் 7 மீட்டர் ஆழமும் உள்ள ஒலிச்சோதனைத் தொட்டியில் நீருக்கடிக் கருவிகளின் காதும் குரலும் அளக்கப்படுகின்றன. இன்னோர் இடத்தில் 900 பார் வரை அழுத்தம் கொடுக்கும் கலம். ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. கடலில் போய் உடைவதற்கு முன் இங்கே உடையட்டும் என்பதுதான் இந்த அறைகளின் வேலை. ஊரார் கேட்கும் கேள்விக்கு நேரான பதில் இது.

ரஷ்யத் துணையோடு உருவான ரோசப் 6000 என்ற ஆளில்லாக் கலம் 2010இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறங்கியது. தொடக்கத்தில் 410 மீட்டரில் ஊர்ந்து பார்த்த எந்திரத்தின் வாரிசான வராகா 2021இல் 5,270 மீட்டரில் ஊர்ந்தது. அடுத்தது மனிதர். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியின் நடுவில் 2.1 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. டைட்டானிய உலோகக் கலவை. சுவரின் கனம் 80 மில்லிமீட்டர். அதற்குள் மூன்று பேர். 12 மணிநேரப் பயணம். எதிர்பாராதது நடந்தால் 96 மணிநேரம் உயிர்காக்கும் ஏற்பாடு. இத்தனை கனமான டைட்டானியத்தைப் பற்றவைக்கும் வித்தைக்கு இஸ்ரோ கைகொடுக்கிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்களோடு நீருக்குள் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனத்தின் ராஜு ரமேஷ் பிரெஞ்சுக் கலமான நாட்டிலில் அட்லாண்டிக்கில் 4,025 மீட்டர் இறங்கினார். மறுநாள் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர்.

2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் கலம் நொறுங்கி ஐந்து பேர் இறந்தபோது, நம் கலத்தைப் பற்றியும் கேள்வி எழுந்தது. எழ வேண்டிய கேள்வி. டைட்டன் கரியிழையால் செய்தது. வெளியார் சான்று எதற்கும் அதன் உரிமையாளர்கள் உட்படவில்லை. மத்ஸ்யாவின் ஒவ்வொரு கட்டமும் பன்னாட்டுச் சான்றளிப்பு அமைப்பின் பார்வையில் நடக்கிறது. அதனால் தாமதமாகிறது, முதலில் சொன்ன ஆண்டுகள் தள்ளிப்போயின. தள்ளிப்போகட்டும். மூன்று பேர் உள்ளே உட்காரும் உருண்டைக்கு நாட்காட்டியைவிடப் பற்றவைப்புதான் பெரிது.

கடலடிக் கட்டிகளை அள்ளும் சுரங்க வேலையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அந்தக் கட்டிகள் ஒரு மில்லியன் ஆண்டில் சில மில்லிமீட்டர் வளர்கின்றன. அவற்றின் மேல் ஒட்டி வாழும் உயிர்களில் பலவற்றுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. எந்திரம் ஊர்ந்தால் எழும் வண்டல் எவ்வளவு தூரம் பரவும், எப்போது அடங்கும் என்பதற்கு உறுதியான விடை உலகில் எங்கும் இல்லை. பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் தோண்டுவதற்கான விதிகளையே இன்னும் முடிக்கவில்லை. இறங்கும் திறனை நாம் வளர்த்தது சரி. அள்ளும் அவசரம் வேண்டாம். 2024 டிசம்பரில் கோவாவின் துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து இவர்கள் இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படமெடுத்தார்கள். அந்த வேலைக்குத்தான் இந்தக் கலங்கள் பிறந்தன என்று நான் நம்ப விரும்புகிறேன்.

இங்கே வேலை செய்பவர்களில் நிரந்தரப் பணியாளர்களோடு, திட்டகாலத்துக்கு மட்டும் எடுக்கப்படும் இளைஞர்களும் நிறைய. பொறியியல் முடித்துவிட்டு வந்து, கடலில் நனைந்து, ஒரு கருவியின் குணமெல்லாம் தெரிந்துகொண்ட நேரத்தில் ஒப்பந்தம் முடிகிறது. குழாய் போனதில் கற்ற பாடம் கவரத்திக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், அதைக் கற்ற ஆட்கள் அங்கேயே இருந்ததுதான். அடுத்த தலைமுறைக்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடக் கூடாது.

இனி மதிலுக்கு வெளியே. என்.ஐ.ஓ.டி. அமர்ந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். பக்கத்தில் காற்றாலை ஆய்வு நிறுவனமும் அப்படியே. எங்கள் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாக இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளத்தில் கடலை அடைய வேண்டும். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு, குப்பைமேடு, சாலை, குடியிருப்பு, கல்வி நிறுவனம், அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொடுத்துச் சுருங்கியது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் 1,247 ஹெக்டேர் இடம்பெற்றது. காப்பாற்றத் தொடங்கியது நல்ல செய்தி. எவ்வளவு போன பிறகு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1990களில் இந்தச் சாலையோரம் வயலும் ஏரிக்கரையும் தனி வீடுகளும் இருந்தன; கிணறு தோண்டினால் குடிக்கும் நீர். இன்று அடுக்குமாடி வரிசை, ஆழ்குழாய், கேன் தண்ணீர். செம்பாக்கம் ஏரிக்குள் கழிவுநீர் வந்தது; பின் தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து அதை மீட்கப் பாடுபட்டன. 2021 நவம்பரில் செம்பாக்கமும் ராஜகீழ்ப்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தன. 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டாவதிலும் பள்ளிக்கரணை, மேடவாக்கம், வேளச்சேரி மக்கள் படகில் வெளியேறினார்கள். சுனாமிக்குப் பிறகு ஏழு ஆண்டில் கடலுக்கு எச்சரிக்கை அமைப்பை நிறுவி, அதைச் சோதனையிலும் நிரூபித்த நாடு நாம். எட்டு ஆண்டு இடைவெளியில் அதே தெருக்களில் அதே நீர் அதே உயரத்தில் நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்.ஐ.ஓ.டி.க்குக் கரைக்கு அருகிலும் வேலை தெரியும். 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டிய பிறகு மணல் வரத்து தடைபட்டு, புதுச்சேரிக் கடற்கரை கல்லாக மாறிப்போயிருந்தது. நீருக்குள் மூழ்கிய ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பை 2018இல் இவர்கள் அமைத்த பின் மணல் திரும்பி வந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மக்கள் மறுபடி மணலில் உட்கார்கிறார்கள். என்.ஐ.ஓ.டி. வளாகத்திலேயே 1998 முதல் இயங்கிவந்த கடலோர மேலாண்மைத் திட்ட இயக்ககம் இப்போது தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஆகியிருக்கிறது. இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டுவருவதைப் படம் போட்டுக் காட்டியவர்கள் அவர்கள்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கான வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை ஐ.ஐ.டி.கள், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து 2019இல் உருவாக்கியவர்களும் அவர்களே. எவ்வளவு மழை பெய்தால், கடலில் ஏற்றம் எவ்வளவு இருந்தால், எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று வரைபடத்தில் காட்டும் அமைப்பு அது.

அந்த வரைபடம் மழை இரவில் செம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் வேலை. நடுக்கடலில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தின் மேல் நிற்கும் மிதவை தன் நிலையை நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைக் கரையில் குடியிருப்பவர் எடுத்தனுப்பும் செல்போன் படத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஏரிக்கு ஏரி நீர்மட்டமானி வைத்து, மிகுநீர் கால்வாய்களின் வேகத்தை அளந்து, ஒக்கியம் மடுவின் வாயில் கடல் ஏற்றத்தோடு பொருத்திப் பார்த்து, வார்டு உறுப்பினருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் தமிழில் செய்தி அனுப்புவதற்கான அறிவு இதே சாலையில், பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கிறது. தாம்பரம் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் அந்த வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேட்க வேண்டும்.